உங்க நைனாகிட்டச் சொல்லு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், சின்ன வயசுக் கதை ஆரம்பமாகிவிடுகிறது. மாங்காய் பறித்தது, ஏரியில் குதித்தது, எல்லாரும் எல்லாரிடமும் பாசமாக இருந்தது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போன வாரம்கூட ஒருத்தர், பெயர் வேண்டாம், எல்லைத் தகராறு நடந்த நாட்களைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். ஊரே ஒற்றுமையாக நின்றதாம். எந்த ஊர் என்று கேட்க வாய் வரை வந்தது. என் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் ஒற்றுமையாக இல்லை. நீங்கள் எல்லாரும் பாசத்தைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். நான் இதைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எந்தக் கிராமம் அந்தப் பக்கம், எந்தக் கிராமம் இந்தப் பக்கம் என்று இன்னும் தீரவில்லை. எனக்கு ஒன்பது வயது. வீட்டில் வேறு பிள்ளை கிடையாது. நைனா, அம்மா, நைனாவின் தம்பியான சித்தப்பா, நான். நாலு பேர்தான். நாலு பேருக்கு அத்தனை பகை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

நைனாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பட்டாளத்தில் ஏலம் போட்ட வண்டி. பச்சைப் பெயின்டின் மேல் கறுப்பு அடித்து, அரக்கோணத்தில் யாரோ கான்ட்ராக்டர் வைத்திருந்ததை வாங்கி வந்தார். சுற்று வட்டாரத்தில் வேறு யாரிடமும் கிடையாது. அதில் ஏறினால் நைனாவின் முதுகு நிமிர்ந்துவிடும், கழுத்து திரும்பாது. என்னை டாங்கியின் மேல் உட்காரவைத்துக்கொண்டு போவார். கோடையில் டாங்கி சுடும். தொடை சிவந்து போகும். சுடுகிறது என்று சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வண்டியைப் பற்றி இனிமையாகச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அந்த வண்டியைக் கழுவுவாள். மாட்டையும் வண்டியையும் ஏரையும் கழுவிப் பொட்டு வைக்கிற வீட்டில் இதை மட்டும் விட மனசு வருமா. இரண்டு குடம் தண்ணீர், தேங்காய் நார். டாங்கியின் மேல், பக்கவாட்டில், அடியில் என்று கையை விட்டு விட்டுத் தேய்ப்பாள். பிறகு டாங்கிக்கு மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு. சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம். அதை நைனா ஏறி நசுக்கிவிட்டுத்தான் மறுநாள் கிளம்புவார். சனிக்கிழமைதான் அவர் தூரப் பயணம் போகிற நாள்.

தூரப் பயணம் எதற்கு என்றால், அர்ஜிக்கு. எங்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் மெட்ராசோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு நீளமான அர்ஜி எழுதி, ஊர் ஊராகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். எல்லையைப் பேசித் தீர்க்கிற ஆபீசர் சித்தூருக்கு வரும்போது அவர் கையில் கொடுக்க வேண்டும். முதல் கையெழுத்து நைனாவுடையது. இரண்டாவது தம்பியுடையதாக இருக்க வேண்டும் என்று பிள்ளையார் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு பேனாவை நீட்டினார்.

சித்தப்பா வாங்கவில்லை. அவர் சித்தூரில் தெலுங்கில் வாத்தியார் படிப்பு முடித்து, வேலை உத்தரவுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேலை குடுக்கப் போறது இந்த கவர்மென்ட்டு. மெட்ராசுல போயி நான் இன்னாத்த செய்யறது? நான் சந்தகம் போட மாட்டேன்" என்றார். கையெழுத்தைக்கூட அவர் தெலுங்கில்தான் சொன்னார்.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நைனா பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் ஒரே அடுப்பு, ஒரே கிணறு, ஒரே நிலம். பேசாமல் எப்படி நடக்கும்? அதற்குத்தான் நான் இருந்தேன்.

"உங்க சித்தப்பன மடை திருப்பச் சொல்லு" என்பார் நைனா. சித்தப்பா மூன்றடி தள்ளி நிற்பார்.

"உங்க நைனாகிட்டச் சொல்லு, மடை நேத்தே திருப்பியாச்சின்னு" என்பார் சித்தப்பா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் திரும்பி நின்று, அதே வார்த்தையை என் வாயால் சொன்னால்தான் அது சொன்னதாகும். நான் சொல்லும்வரை கேட்கிறவர் முகத்தில் ஒரு அசைவு இருக்காது. ஒரு நாள் சோற்றுக்கு உப்பில்லை என்று சித்தப்பா சொன்னதை நான் விளையாட்டாகச் சொல்லாமல் விட்டேன். உப்பு ஜாடி நைனாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நகர்த்தவே இல்லை. சித்தப்பா உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்து போனார். அப்போதுதான் என் வாய்க்கு இருக்கிற அதிகாரம் எனக்குப் புரிந்தது. ஒன்பது வயதுக்கு அது நல்லதில்லை.

எனக்குச் சித்தப்பாவைப் பிடிக்காது. நைனாவுக்காக இல்லை, என் சொந்தக் கணக்கு அது. எங்கள் பள்ளியில் தமிழ் வாத்தியாரை மாற்றித் தெலுங்கு வாத்தியாரைப் போட்டார்கள். சித்தப்பா வேலை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அங்கே போய் அவருக்கு உதவியாக நின்றார். நான் நாலாம் வகுப்பு. ஒரு நாள் பலகையில் தெலுங்கு எழுத்தை எழுதச் சொன்னார். எனக்கு வரவில்லை. எல்லார் எதிரிலும் அந்த வாத்தியாரிடம், "தீனிக்கி அக்ஷராலே ராவு" என்றார். இவளுக்கு எழுத்தே தெரியாது என்று. அவ்வளவுதான், என்னைத் தூக்கி ஒன்றாம் வகுப்பில், மூக்கு ஒழுகுகிற குழந்தைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். என் முட்டி அவர்கள் தலைக்கு மேல் இருந்தது. என் கூடப் படித்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். உங்களில் சிலர்கூடச் சிரித்திருப்பீர்கள். மறந்திருக்கும் உங்களுக்கு.

அந்தச் சமயத்தில்தான் பெட்ரோல் குறைய ஆரம்பித்தது.

பெட்ரோல் அளக்க நைனா ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். கத்தியால் வெட்டிய அடையாளங்கள் அதில் இருக்கும். காலையில் டாங்கியில் விட்டு, ஈரம் எந்த அடையாளம் வரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். சில நாள் ராத்திரி விட்ட இடத்திலேயே இருக்கும். சில நாள் இரண்டு அடையாளம் இறங்கியிருக்கும். தினமும் குறைந்தால் ஒழுகல் என்று நினைத்திருப்பார். மூன்று நாள் குறைந்து, நாலு நாள் குறையாமல் இருந்தால்? அது மனுஷன் வேலை என்று முடிவு கட்டிவிட்டார். தரையில் ஒரு சொட்டும் தெரியாது. வண்டி நின்ற கொட்டகையின் தரை மணல், குடித்துவிடும். நாற்றம் அடித்தது, ஆனால் மோட்டார் என்றால் நாற்றம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தோம்.

டாங்கியின் மூடியின் மேல் ஒரு கறுப்பு நூலை இழுத்துக் கட்டினார். திறந்தால் அறுந்துவிடும். காலையில் நூல் அப்படியே இருந்தது, பெட்ரோல் இல்லை. இன்னொருத்தராக இருந்தால் யாரும் மூடியைத் திறக்கவில்லை என்று புரிந்துகொண்டிருப்பார். எங்கள் நைனா எப்படிப் புரிந்துகொண்டார் தெரியுமா? திருடன் கெட்டிக்காரன், கீழே இருக்கிற குழாயைக் கழற்றி எடுக்கிறான் என்று. அந்தக் கொட்டகையில் படுக்கிறவர் சித்தப்பா. பேச்சு நின்றதிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார்.

"என்ன சித்தூர் போவ உடாம செய்யறதுக்கு இந்த வேலை. இன்னொரு வாட்டி பெட்ரோல் கொறையட்டும். அப்பறம் உங்க சித்தப்பன் இந்த வீட்ல இருக்க மாட்டான். போய்ச் சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். அதை மட்டும் ஒரு எழுத்துக்கூட விடாமல் சொன்னேன். சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. காதின் நுனி சிவந்தது.

அதே மாதத்தில் அம்மாவின் சோப்பும் குறைந்துகொண்டு வந்தது. துணிக்குப் போடுகிற மஞ்சள் கட்டி சோப்பு. கிணற்றடியில் வைத்தது பாதியாகிவிடுகிறது என்று கத்துவாள். "இந்த வீட்ல சோப்பையும் துன்றாங்களா?" என்று என்னைத்தான் முறைப்பாள். நான் எடுக்கவில்லை என்றேன், நம்பவில்லை. எடுக்காத சோப்புக்கு இரண்டு தடவை அடி வாங்கினேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில், நைனா உள்ளே களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கொட்டகைப் பக்கம் போனேன். சித்தப்பா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டிருந்தார். கையில் அம்மாவின் சோப்பு.

"வா இங்க. குனிஞ்சி பாரு" என்றார்.

டாங்கிக்கு அடியில், இரண்டு தகடுகள் சேருகிற மடிப்பு ஒன்று இருந்தது. அவர் விரலை அங்கே வைத்து எடுத்து என் மூக்கின் கீழே நீட்டினார். பெட்ரோல்.

"ஒழுகல. ஊறிக்கினு கீது. முடி அளவு வாய். இந்த சோப்ப தேய்ச்சி அடைச்சிட்டா நின்னுடும், பெட்ரோலுக்கு சோப்பு கரையாது. ஆனா தண்ணி பட்டா கரைஞ்சி வந்துடும். உங்க அம்மா வெள்ளிக்கிழமை கழுவுறா இல்ல, அதோட போச்சி. மறுபடியும் நான் அடைக்கறேன், மறுபடியும் அவ கழுவுறா." பிறகு எழுந்து உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். சித்தூரில் படித்தபோது லாரி ஷெட்டுக்குப் பக்கத்து அறையில் தங்கியிருந்தவர், இதெல்லாம் அவருக்குத் தெரியும். "உங்க நைனாகிட்டச் சொல்லு. நாளைக்கி வண்டியக் கழுவ வேணாம். திருப்பதியில குடுத்து ஈயம் வெச்சி அடைக்கச் சொல்லு. கீழ இஞ்சின் கொதிக்குது. அது மேலதான் உன்ன உக்கார வெச்சிக்கினு போறாரு. ஒரு நாள் பத்திக்கும். சொல்றியா?"

"சொல்றேன்" என்றேன்.

உள்ளே போய் நைனா எதிரில் நின்றேன். வாயில் களி உருண்டையோடு, "இன்னா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சொன்னால் சித்தப்பா நல்லவராகிவிடுவார். நைனா மனசு இறங்கும், பேச்சு வரும், அவர் மறுபடியும் கூடத்துக்கு வந்து, வீட்டிலும் எனக்குத் தெலுங்கு சொல்லித்தரப் பலகையை எடுத்துக்கொண்டு உட்காருவார். நான் ஒன்றாம் வகுப்பில் முட்டி மடக்கி உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது பிடிக்கவில்லை. இதைவிடப் பெரிய காரணம் தேடாதீர்கள், கிடையாது. பெட்ரோல் குறைந்தால் அவரை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நானே போய்ச் சொன்ன வார்த்தை அல்லவா.

வெள்ளிக்கிழமை அம்மா கழுவினாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். டாங்கியின் அடியில் கையை விட்டு நாரால் தேய்த்தபோது, "இன்னாடி இது, பிசுபிசுன்னு" என்றாள். நான் இன்னொரு சொம்பு ஊற்றினேன்.

சனிக்கிழமை நைனா சித்தூருக்குக் கிளம்பினார். அன்றைக்குத்தான் ஆபீசர் காகிதம் வாங்குகிற நாள். வெதுருகுப்பத்தில் ஒருத்தரிடம் கையெழுத்து பாக்கி இருந்ததால் அந்த வழியாகப் போனார். அந்த ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. டாங்கியில் ஒரு சொட்டு இல்லை. வெயிலில் அந்த இரும்பைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அதைப் பாதி வழியில் ஒரு தோப்பில் போட்டுவிட்டு, பஸ் பிடித்துச் சித்தூர் போய்ச் சேர்ந்தபோது ஆபீசர் புறப்பட்டுப் போய்விட்டார். அர்ஜியைப் பிறகு தபாலில் அனுப்பினார்கள். அதற்குப் பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. அந்த ஒரு காகிதத்தால் எல்லைக்கோடு நகர்ந்திருக்குமா என்றால், நகர்ந்திருக்காது. ஆனால் நைனா சாகிறவரை நகர்ந்திருக்கும் என்றுதான் நம்பினார்.

மறுநாள் மதியம் ஒரு மாட்டு வண்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். சட்டை முழுக்கப் புழுதி. உதடு வெடித்திருந்தது. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"உங்க சித்தப்பன் வண்டிகிட்ட போனானா?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லு என்கிற மாதிரி. நான் அந்தச் செய்தியை என்றைக்கோ கொடுத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தார் அவர்.

"போனாரு" என்றேன். "கீழ படுத்துகினு இன்னாவோ பண்ணிக்கினு இருந்தாரு."

நான் சொன்னதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஊரிலேயே கெட்டிக்காரப் பெண் நான்தான். தெலுங்கு எழுத்து மட்டும்தான் வராது.

நைனா கொட்டகைக்குள் போய் அவருடைய பாய், தகரப் பெட்டி, சட்டை எல்லாவற்றையும் தெருவில் எறிந்தார். "திருட்டு நாயி" என்றார், பெயர் சொல்லாமல், யாரையும் பார்க்காமல். அம்மா குறுக்கே வந்தாள். அவளையும் தள்ளினார். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சித்தப்பா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சண்டை போடவில்லை. கடைசியில் வழக்கம்போல என்னிடம் திரும்பினார்.

"உங்க நைனாவுக்கு எல்லாம் தெரியும். நான் போறேன்னு சொல்லு" என்றார்.

நான் திரும்பி நின்று, "போறாராம்" என்றேன். முன்பாதியைச் சொல்லவில்லை. நைனா காதில் விழுந்திருக்கும், ஆனால் அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த பத்து நாளும் பெட்ரோல் குறைந்துகொண்டே இருந்தது. இப்போது இடைவெளியே கிடையாது. நைனா டாங்கியை நிரப்புவதும், குச்சியை விட்டுப் பார்ப்பதும், குச்சியைத் தூக்கி எறிவதுமாக இருந்தார். அவன் ஒளிந்து வந்து எடுக்கிறான் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். அம்மாதான் ஒரு நாள் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"திருடன் போயி பத்து நாளாச்சி. சோப்பு கரையறது நின்னுபோச்சி. பெட்ரோலு மட்டும் போய்க்கினே கீது. இது இன்னா கணக்குன்னு எனக்குத் தெரியல."

நைனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். எங்கள் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த பங்காருபாளையத்து வியாபாரியின் லாரி மறுநாள் மாங்காய் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பியது. அதில் வண்டியைத் தூக்கிப் போட்டார். எனக்குக் கை முழுக்கச் சிரங்கு. ஆஸ்பத்திரியில் காட்டு என்று அம்மா என்னையும் ஏற்றிவிட்டாள்.

திருப்பதியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மெக்கானிக்கின் கடை. ஆள் ஒல்லி, வாய் அகலம். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். நைனா நடந்ததைச் சொல்லச் சொல்ல, "அண்ணா, நீ கதை சொல்ல வந்தியா, வண்டி காட்ட வந்தியா?" என்றார். டாங்கியைக் கழற்றி, பெட்ரோலை இறக்கி, துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தார். பிறகு நாமக்கட்டி எடுத்து வரச் சொன்னார். நெற்றிக்கு இடுகிற அதே வெள்ளை நாமக்கட்டிதான், அந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைத் தண்ணீரில் குழைத்து டாங்கியின் அடி முழுக்கப் பூசினார். அது காய்ந்து வெளுத்ததும், டாங்கியை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துப் பெட்ரோல் ஊற்றினார். அந்தக் காலத்து பெட்ரோலில் லேசாகச் சிவப்பு இருக்கும்.

"இப்போ எவரும் வாயத் திறக்காதீங்க. அது சொல்லும்" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த மடிப்பில் ஊசி நுனி அளவுக்கு ஒரு சிவப்பு தோன்றியது. மெல்ல நீண்டு, விரல் அளவுக்கு ஒரு கோடானது. நைனா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

மெக்கானிக் ஒரு கம்பியால் அந்த மடிப்பைச் சுரண்டினார். மஞ்சளாக ஒன்று சுருண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார். நைனாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"சோப்பு. எவனோ தெரிஞ்சவன் செஞ்சிருக்கான். ஒரு வாட்டி இல்ல அண்ணா, பத்து வாட்டி. மேல மேல தேய்ச்சிருக்கான். அந்த ஆளு இல்லன்னா நீயும் உன் பொண்ணும் எந்த ரோட்லயோ கரியாப் போயிருப்பீங்க. எவரு அது?"

"பட்டாளத்துக்காரன் எவனாச்சும் வெச்சிருப்பான்" என்றார் நைனா. குரல் அவருடையது மாதிரி இல்லை.

"பட்டாளத்து சோப்பு இத்தினி வருஷம் மெத்துன்னு இருக்குமா? இது போன மாசத்து சோப்பு."

நைனா அந்தச் சோப்புச் சுருளை வைத்துக்கொண்டு நின்றார். அது அம்மாவின் சோப்பு என்று அவருக்கு மணத்திலேயே தெரிந்திருக்கும். நான் சிரங்கைச் சொறிந்துகொண்டே வேறு பக்கம் பார்த்தேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு இருந்தது பயம். அடி விழும் என்கிற பயம் இல்லை, நைனா அடிக்கிறவர்தான், அது பழக்கம். இது வேறு. நான் எப்படிப்பட்டவள் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம்.

மெக்கானிக் டாங்கியைப் பல தடவை அலசி, உள்ளே தண்ணீர் நிரப்பி, மடிப்பைத் தகடு மின்னுகிற வரை தேய்த்து, திராவகம் தொட்டு, ஈயத்தை உருக்கி வைத்தார். பிறகு மறுபடியும் நாமக்கட்டி, மறுபடியும் பெட்ரோல். ரொம்ப நேரம் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சாயங்காலம் வண்டி தயாராகிவிட்டது.

நைனா ஊர்ப் பக்கம் திருப்பவில்லை. கோயிலைச் சுற்றி இருக்கிற சந்து ஒன்றுக்குள் விட்டார். கோயிலில் கைங்கரியம் செய்கிற ஒரு ஐயங்கார் வீட்டின் பின் அறையில் சித்தப்பா குடியிருந்தார், அந்த வீட்டுப் பிள்ளை அவருடன் படித்தவர். இது நைனாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. விசாரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. வண்டிச் சத்தம் கேட்டுச் சித்தப்பாவே வெளியே வந்துவிட்டார். பத்து நாளில் இளைத்திருந்தார்.

நைனா வண்டியைவிட்டு இறங்கவில்லை. இன்ஜினை மட்டும் நிறுத்தினார். நான் டாங்கியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க சித்தப்பன்கிட்ட சொல்லு. டாங்கியிலதான் ஓட்டை. ஈயம் வெச்சாச்சி. வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

அதை அவர் சொன்னதே பெரிது. அவரை அறிந்தவர்களுக்குத்தான் அது தெரியும். நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

சித்தப்பாவின் முகம் இளகியது, நான் பார்த்தேன். உடனே வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் என் பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"நான் அன்னைக்கி உன்கிட்ட சொல்லி அனுப்பினேனே. ஊறுது, கழுவ வேணாம், ஈயம் வைக்கச் சொல்லுன்னு. அத்த உங்க நைனாகிட்டச் சொன்னியா, இல்லியா?"

எனக்குப் பின்னால் நைனாவின் உடம்பு அசையாமல் நின்றுவிட்டது. அவர் மார்பு என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது.

"சொன்னேன்" என்றேன்.

சித்தப்பா நிமிர்ந்தார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக, என்னை விட்டுவிட்டு, நேராக நைனாவின் கண்ணைப் பார்த்தார்.

"அப்போ தெரிஞ்சிக்கினேதான் என்ன திருடன்னு தெருவுல நிக்க வெச்சியா, அண்ணா?"

எனக்கு யாரும் சொல்லலடா என்று நைனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் வாயைத் திறந்தார். மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டார். உதைத்து வண்டியைக் கிளப்பினார்.

சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. சூளூர்பேட்டைப் பக்கம் வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே இருந்து செத்தும் போனார். கல்யாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. நைனா போனபோது தந்தி கொடுத்தோம், வரவில்லை. அவர் மனசில் நைனா எல்லாம் தெரிந்தே செய்த பாவி. அதை மாற்றக்கூடியவள் ஒருத்தி இருந்தாள். அவள் பஸ் ஏறிச் சூளூர்பேட்டை போக எத்தனையோ வருஷம் இருந்தது. போகவில்லை. நைனாவும் அவளை ஒரு நாளும் கேட்கவில்லை, அந்த வழி முழுக்கக் கேட்கவில்லை, அதற்குப் பின் இருந்த காலம் முழுக்கக் கேட்கவில்லை.

அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததும் அம்மா வாசலுக்கே ஓடி வந்தாள். வண்டியின் பின்னால் யாருமில்லை என்று பார்த்தாள்.

"வரலியா?"

"வரமாட்டேன்னுட்டான்" என்றார் நைனா.

"நீ இன்னா சொன்ன? ஒழுங்கா கூப்பிட்டியா, இல்ல அங்கயும் போயி வாய வெச்சியா?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "என் வாய்தான் உனக்குத் தெரியுமே" என்றார்.

அம்மா பிடித்துக்கொண்டாள். கூடப் பிறந்தவனைத் தெருவில் விட்டவன், திமிர் பிடித்தவன், உனக்குக் கொள்ளி வைக்கக்கூட ஆள் வராது என்று சோறு போடுகிற வரைக்கும், போட்ட பிறகும் நிறுத்தவில்லை. நைனா தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் தட்டில் களி தீர்ந்ததைப் பார்த்துவிட்டு, "அதுக்கு இன்னும் ஒரு உருண்டை வை" என்றார் அம்மாவிடம்.

அம்மா வைத்தாள். நான் வாங்கித் தின்றேன்.